யாரும் செருகாத போர்ட்டுக்கு ஒரு வக்காலத்து

செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போற பஸ்ல எப்பவாவது ஜன்னல் சீட் கிடைச்சா, போனைக் கொஞ்ச நேரம் பாக்கெட்ல வெச்சிட்டு வீடுகளோட மொட்டை மாடியைப் பாருங்க. நிறைய வீட்டு மேல பில்லர் கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எடுக்கலாம்னு விட்டு வெச்ச கம்பி. சில வீட்டுல அந்த மாடி வந்துடும். பல வீட்டுல பையன் சிங்கப்பூர்ல செட்டில் ஆகியிருப்பான், கம்பி மட்டும் துருப்பிடிச்சு நிக்கும். அம்மா அதுல கொடி கட்டித் துணி காயப்போடுவாங்க.

பழைய வீடியோ கேம் கன்சோல்களைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். அடியில ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழட்டினா உள்ள வரிசையா பின்கள். அதுல செருக வேண்டிய பொருள் கடைசி வரைக்கும் கடைக்கு வரவே இல்லை. இதைப் பார்த்து "வேஸ்ட், காஸ்ட் கட்டிங் தெரியாத ஆளுங்க" என்று சிரிக்கிறவங்க நம்ம டிபார்ட்மெண்ட்லயே நிறைய பேர் இருக்காங்க. அவங்களோட சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல கேஸ் என்னன்னு பார்த்துடுவோம்.

நின்டெண்டோ தன்னோட ஃபேமிகாமை ஜப்பான்ல விட்டது 1983 ஜூலை 15. (நம்ம கல்பாக்கத்துல முதல் அணு உலை கிரிட்டிகல் ஆனதும் அதே ஜூலை மாசம்தான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா எனக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும்.) ஃபேமிகாமோட முன்பக்கம் 15 பின் போர்ட் ஒண்ணு இருந்துச்சு. அது சும்மா இருக்கலை. துப்பாக்கி, கீபோர்டு, கூடுதல் கன்ட்ரோலர்னு ஆளாளுக்குச் செருகினாங்க. அதே மெஷின் 1985-ல என்.ஈ.எஸ். என்ற பேர்ல அமெரிக்கா போனப்போ, அடியில 48 பின் போர்ட் ஒண்ணு வெச்சாங்க. நின்டெண்டோ அதுக்குன்னு ஒரு பொருள்கூட விக்கலை.

இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு கேசட் பின் கணக்கு. (கார்ட்ரிட்ஜ் என்று சொல்லணும்னு தெரியும். ஆனா நம்ம ஊர்ல அது கேசட்தான்.) ஜப்பான் கேசட்டுக்கு 60 பின். அமெரிக்கக் கேசட்டுக்கு 72. எப்படி? ஆடியோவுக்கு இருந்த ரெண்டு பின்னை எடுத்துட்டாங்க, 58. அனுமதி இல்லாத கேம் ஓடாம இருக்க ஒரு பூட்டு சிப் வெச்சாங்க, அதுக்கு 4 பின், 62. மிச்சம் 10 பின் கேசட்ல இருந்து நேரா அடியில இருக்கற போர்ட்டுக்குப் போகுது. அதாவது நாளைக்கு ஏதாவது வரும்னு நம்பி, வித்த ஒவ்வொரு மெஷினோட ஸ்லாட்லயும் 10 பின்னை ஒதுக்கி வெச்சிருக்காங்க.

அந்த ரெண்டு ஆடியோ பின் போனதுல ஒரு சோகம் இருக்கு. ஜப்பான்ல கேசட்டுக்குள்ளயே கூடுதல் சவுண்ட் சிப் வைக்கலாம், அந்தச் சத்தத்தை மெஷின் தன் சத்தத்தோட கலந்து டிவிக்கு அனுப்பும். கொனாமி 1989-ல விட்ட 'அக்குமாஜோ டென்செட்சு'ல அப்படி ஒரு சிப் இருந்துச்சு, கூடுதலா மூணு சேனல். அதே கேம் 'காஸில்வேனியா 3' என்ற பேர்ல அமெரிக்கா போனப்போ அந்த மூணு சேனலும் இல்லை. யூடியூப்ல ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

இப்போ மேட்டருக்கு வரேன். அடியில சும்மா கிடந்த அந்த 48 பின் போர்ட்ல, கேசட்ல இருந்து வர்ற லைனும் இருக்கு, ஆடியோ உள்ளே போற லைனும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டா போதும், கூடுதல் சவுண்டு கலந்துடும். இன்னைக்கு ரெட்ரோ ஆளுங்க செய்யறது இதைத்தான். தொலைஞ்சு போன மூணு சேனலை, ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒரு ரெசிஸ்டர் திருப்பிக் கொண்டு வந்துடுச்சு. போர்ட் இல்லாம இருந்திருந்தா போர்டையே கீறி ஒயர் இழுத்திருக்கணும்.

மத்த கன்சோல்களை வேகமா ஒரு ரவுண்டு வந்துடலாம். சேகா மாஸ்டர் சிஸ்டத்தோட அடியில 50 பின் போர்ட், அதிகாரபூர்வமா எதுவுமே வரலை. நின்டெண்டோ 64-ஓட அடியில ஒரு போர்ட், அதுக்கான டிஸ்க் டிரைவ் 1999 டிசம்பர்ல ஜப்பான்ல மட்டும் வந்து, வந்த வேகத்துல போயிடுச்சு. உலகத்துல மத்த எல்லாருக்கும் அது வெறும் மூடி. கேம்கியூப்ல சீரியல் போர்ட் 2-க்கு நின்டெண்டோ கடைசி வரைக்கும் எதுவும் தரலை. இப்போ அதுல எஸ்.டி. கார்டு அடாப்டர் செருகி கேம் ஓட்டறாங்க.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இந்த போர்ட்களுக்கு ஆயுசு கம்மி. 1993-ல என்.ஈ.எஸ்-ஸை மறுபடி டிசைன் பண்ணப்போ அடி போர்ட் காணோம். மெகா டிரைவோட பின்பக்கம் இருந்த 9 பின் போர்ட் பின்னாடி வந்த மாடல்கள்ல காணோம். பிளேஸ்டேஷன் 1-ல பின்னாடி ஒரு பேரலல் போர்ட் இருந்துச்சு. சோனியை விட மத்தவங்கதான் அதை நல்லா உபயோகிச்சாங்க, சீட் கார்டு, வி.சி.டி. படம் பார்க்கிற கார்டுன்னு. கடைசி மாடல்கள்ல அதையும் எடுத்துட்டாங்க. கேம்கியூப்ல அந்த ரெண்டாவது போர்ட்டும் பின்னாடி வந்த மாடல்ல கிடையாது. முதல் மாடலை டிசைன் பண்றவங்க நம்பிக்கையோட ஒரு கதவு வைக்கறாங்க, ரெண்டாவது மாடலுக்குக் கணக்குப் பிள்ளை வந்து செங்கல் வெச்சு அடைச்சிடறார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல நின்டெண்டோவைக் கடையில வெச்சு வித்து வளர்ந்த தலைமுறைன்னு ஒண்ணு கிடையாது. சேகா 1995-ல ஷா வாலஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவைக் கொண்டு வந்துச்சு, காரணம் 80 சதவீத இறக்குமதி வரி. அப்பவும் விலை 18,000 ரூபாய். 1995-ல 18,000! எங்க அப்பாகிட்ட சொன்னேன், "அந்தக் காசுக்கு பைக்குக்கு அட்வான்ஸ் கட்டலாம்டா"ன்னாரு. அதனால நம்ம வீடுகளுக்கு வந்தது மிடாஷி மாதிரி பேர்ல வந்த ஃபேமிகாம் நகல் பெட்டிகள். பேரே இல்லாத பெட்டிகளும் வந்துச்சு. '9999 இன் 1' என்று எழுதின மஞ்சள் கேசட், உள்ள போனா நாலு கேம்தான் திரும்பத் திரும்ப வரும்.

எங்க மாமா வீட்டுல அப்படி ஒரு பெட்டி இன்னும் இருக்கு. அதைத் திறந்து பார்த்திருக்கேன். ஒரிஜினல் ஃபேமிகாம்ல தனித்தனியா இருக்கிற சிப் எல்லாம் இதுல ஒரே கறுப்பு எபாக்ஸி பொட்டுக்குள்ள. கேஸோட முன்பக்கம் 15 பின் போர்ட்டுக்கான ஓட்டை இருக்கு, சர்க்யூட் போர்டுல சோல்டர் பேடுகளும் வரிசையா இருக்கு, கனெக்டர் மட்டும் இல்லை. எங்கேயோ ஒரு ஃபேக்டரியில யாரோ ஒருத்தர் ஒரு பீஸுக்கு சில பைசா மிச்சம் பிடிச்சிருக்கார். ஆனா பேடை அழிக்கலை பாருங்க, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. அந்தப் பேடுல ஒரு கனெக்டரை சோல்டர் பண்ணினா போர்ட் ரெடி.

இந்த நகல் பெட்டிகளை யாரும் சீரியஸா எடுத்துக்கிட்டதில்லை என்று நினைக்காதீங்க. இதே ஜாதிப் பெட்டிகள் கீபோர்டு, மவுஸோட 'கம்ப்யூட்டர்' என்ற பேர்ல நம்ம பஜார்கள்ல வித்துச்சு. 2008 வாக்குல பிளேபவர் என்ற ஒரு குழு, 12 டாலருக்கு டிவியில மாட்டற இந்தப் பெட்டியையே வெச்சுக்கிட்டு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம்னு கிளம்பினாங்க. அந்த எண்ணத்துக்கு அடிப்படையே செருகறதுக்கு ஒரு இடம் இருக்குங்கறதுதான்.

இனி என்னோட பெரிய சாட்சியைக் கூப்பிடறேன். இது கன்சோல் இல்லை, கம்ப்யூட்டர். ஆனா என்.ஈ.எஸ்-ல இருக்கற அதே 6502 குடும்பத்து பிராசஸர், அதனால சொந்தக்காரங்கதான். 1984-ல இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்துல சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பிச்சுது. கொடுத்தது பிரிட்டன்ல ஏக்கார்ன் கம்பெனி செஞ்ச பி.பி.சி. மைக்ரோ. அதைக் கவிழ்த்தா அடியில வரிசையா போர்ட்கள். பிரிண்டர், டிஸ்க், யூசர் போர்ட், ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ், கடைசியா 'டியூப்' என்று ஒண்ணு. ரெண்டாவதா ஒரு பிராசஸரை வெளியில இருந்து மாட்டறதுக்கு. வாங்கின பெரும்பாலானவங்க அந்த டியூப்ல எதையும் செருகியிருக்க மாட்டாங்க. ஆனா ஏக்கார்ன்ல ஒரு சின்ன டீம் புதுசா ஒரு பிராசஸர் டிசைன் பண்ணி, 1985 ஏப்ரல்ல முதல் சிப் கைக்கு வந்ததும் அதை ஓட்டறதுக்கு எதுல மாட்டினாங்க? பி.பி.சி. மைக்ரோவோட டியூப்லதான். அந்தச் சிப்போட பேர் ஆர்ம். இதை நீங்க படிச்சிட்டிருக்கற போனுக்குள்ள ஓடறது அதோட பேரப்பிள்ளை.

டியூப் போர்ட்டை வெச்சப்போ, அதுல ஆர்ம் வரும்னு யாருக்கும் தெரியாது. ஆர்ம் என்ற ஒண்ணே அப்போ கிடையாது. 'எதுக்குன்னு சொல்லு, அப்புறம் வை' என்று ஒரு ரிவியூ கமிட்டி கேட்டிருந்தா?

கேட்பாங்க. எங்களைக் கேட்டாங்க.

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் ஈ.சி.ஆர். பக்கத்துக் கிணறுகளுக்கு. கடலோரத்துல நிலத்தடி நீரை அதிகமா இறைக்க இறைக்க கடல் தண்ணி உள்ள வருது, இது உங்களுக்கே தெரிஞ்சதுதான். தண்ணியோட மின்கடத்தும் திறனை அளந்து உப்பு எவ்வளவுன்னு பதிவு பண்ற ஒரு சின்னப் பெட்டி. ஈ.எஸ்.பி.32, ஒரு புரோப், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். போர்டு ஓரத்துல எட்டு பின் ஹெடர் ஒண்ணு வைக்கலாம்னு சொன்னேன். 3.3 வோல்ட், கிரவுண்ட், ஐ-ஸ்கொயர்-சி ரெண்டு, யூ-ஆர்ட் ரெண்டு, சும்மா ரெண்டு ஜி.பி.ஐ.ஓ. டீம்ல முதல் எதிர்ப்பு: "டேய், மே மாசம் நாம போயிடுவோம், யாருக்குடா இது?" ரிவியூல அடுத்த எதிர்ப்பு: "யூஸ் பண்ணாத பின் எதுக்கு? ரிமூவ் பண்ணுங்க." ரெண்டு எதிர்ப்புக்கும் அடியில இருக்கறது ஒரே நம்பிக்கை. நாம போனதும் அந்தப் பொருளோட கதை முடிஞ்சுடும்னு.

முடியாது. டெஸ்டுக்கு ஒரு சவுக்குத் தோப்புக் கிணத்துல பெட்டியை மாட்டினோம். அந்தத் தோட்டத்து அம்மா ரெண்டு நாள் அதைப் பார்த்துட்டு மூணாவது நாள் கேட்டாங்க: "தம்பி, உப்பு ஏறினா இது மோட்டாரைத் தானா நிறுத்துமா?"

எங்க நாலு பேருக்கும் வராத யோசனை. உப்பு எவ்வளவுன்னு நாங்க கிராஃப் போட்டுக்கிட்டிருந்தோம், அவங்களுக்கு வேண்டியது மோட்டாரை நிறுத்தறது. அதுக்கு ஒரு ஜி.பி.ஐ.ஓ.வும், வெளியில ஒரு ரிலே போர்டும், ஸ்டார்ட்டர்ல ஒரு கனெக்ஷனும் வேணும். இந்த செமஸ்டர்ல எங்களால முடியாது. அடுத்த வருஷம் யாராவது செய்யலாம். செய்யறவங்களுக்கு ஹெடர் இருந்தா ஒரு வார வேலை. இல்லைன்னா புது போர்டு, புது ஆர்டர், புது டெஸ்ட், பாதி செமஸ்டர் காலி. போர்ட் வைக்கறவன் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டியதில்லை, மோட்டாரைப் பத்திக் கேட்கிற அம்மாவுக்கு இடம் விட்டா போதும்.

எதிர்த்தரப்புல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நியாயம் இருக்கு. ஒண்ணு, திறந்த போர்ட் திருடனுக்கும் திறந்ததுதான். பிளேஸ்டேஷனோட பேரலல் போர்ட் போனதுக்கு அதுதான் காரணம்னு பொதுவாச் சொல்றாங்க. நம்ம வீட்டு ரவுட்டர்லயும் டீபக் பின்கள் வழியா உள்ள நுழையறது ஒரு பழைய வழி. இன்னொண்ணு நம்ம கடற்கரைக்கே உரியது: உப்புக் காத்து. மாமல்லபுரம் பக்கம் இருக்கறவங்ககிட்ட ஏ.சி. அவுட்டோர் யூனிட் எத்தனை வருஷம் தாங்குதுன்னு கேளுங்க. திறந்து கிடக்கற பின்னு சீக்கிரமே பச்சை பூத்துடும், ஈரத்துல பக்கத்துப் பின்னுக்குக் கரண்ட் கசியும். மொட்டை மாடிக் கம்பிக்கும் இதே வியாதிதான். அதனால நல்ல மேஸ்திரி கம்பியைச் சும்மா விட மாட்டார், சிமெண்ட் பால் பூசி, மட்டமான கலவையால மூடி வைப்பார். மாடி எடுக்கும்போது தட்டினா உதிர்ந்துடும். என்.ஈ.எஸ்-ஸோட பிளாஸ்டிக் மூடியும் அந்த மேஸ்திரி வேலைதான். போர்ட்டை வைக்காதேங்கறதுக்கு உப்புக் காத்து காரணம் ஆகாது, மூடி போடுங்கறதுக்குத்தான் காரணம்.

என் கோபம் எல்லாம் போர்ட் வெச்சிட்டு எந்தப் பின் எதுக்குன்னு சொல்லாதவங்க மேலதான். என்.ஈ.எஸ். போர்ட்டோட ஒவ்வொரு பின்னையும் ரசிகர்கள் மல்டிமீட்டரும் பொறுமையும் வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. பி.பி.சி. மைக்ரோவோட போர்ட்கள் பத்தி அதோட யூசர் கைடே எழுதி வெச்சிருந்துச்சு. இப்போ நம்ம லேப் அலமாரியைத் திறந்து பாருங்க. நாலஞ்சு பேட்ச் சீனியர்ஸ் விட்டுப் போன போர்டுகள். நல்ல போர்டுகள். எதுலயும் லேபிள் இல்லை, ஸ்கிமாட்டிக் யாரோட லேப்டாப்லயோ இருந்து அழிஞ்சுடுச்சு. அதெல்லாம் கடைசியில ஈ-வேஸ்ட் டப்பாவுக்குத்தான் போகுது. ரிப்பேர் உரிமைக்கு அரசாங்கம் 2022 டிசம்பர்ல தனியா ஒரு போர்ட்டலே திறந்துச்சு. பெரிய கம்பெனிகள் மேனுவல் தரலைன்னு நாம ஸ்டேட்டஸ் போடறோம். நம்ம போர்டுக்கு நாம மேனுவல் தர்றோமா?

மாமல்லபுரத்துக்கு ஃபிரெண்ட்ஸோட போறப்போ, கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்து ரீல்ஸ் எடுத்ததுக்கு அப்புறம் கொஞ்சம் ஊருக்கு மேற்கே நடந்து பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பாருங்க. கூட்டமே இருக்காது. எல்லாம் பாதியில விட்டது. மேல சிகரம் செதுக்கி முடிஞ்சிருக்கும், கீழ வெறும் பாறை. பல்லவர் காலத்துச் சிற்பிகள் மேல இருந்து கீழ செதுக்கினாங்க, பாறையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு உடைச்சாங்கன்னு நமக்குத் தெரியறது, இப்படி முடிக்காம விட்ட வேலைகளால நிறைய. முடிஞ்ச சிலையில உளித் தடம் வழுவழுன்னு மறைஞ்சுடும். செருகாத போர்ட்டும் எனக்கு அப்படித்தான் தெரியுது. அந்த 10 பின்னைப் பார்த்தாதான் 1985-ல அந்த இன்ஜினியர்ஸ் எதை எதிர்பார்த்தாங்கன்னு கொஞ்சமாவது புரியுது.

ஹெடர் விஷயம் என்னாச்சுன்னு கேட்பீங்க. கனெக்டரை எடுத்துட்டோம், பேடை வெச்சுக்கிட்டோம். ரிவியூல சொன்னபடி 'யூஸ் பண்ணாத பின்' இப்போ போர்டுல இல்லை, எட்டு ஓட்டைதான் இருக்கு. மாமா வீட்டுப் பெட்டியில பார்த்த டெக்னிக். எந்த ஓட்டை எதுக்குன்னு போர்டோட பின்பக்கம் வெள்ளை எழுத்துல அச்சடிச்சிருக்கோம், ஸ்கிமாட்டிக்கை பிரிண்ட் எடுத்து லேப் அலமாரியில ரெண்டாவது தட்டுல, நீல ஃபைல்ல வெச்சிருக்கோம். தேர்டு இயர் ஆளுங்க யாராவது எடுத்தீங்கன்னா, ஏழாவது ஓட்டையில ரிலேயைக் குடுங்க. எட்டாவது ஓட்டை பூட் ஆகும்போது ஒரு செகண்ட் ஹை ஆகுது, அதுல குடுத்தா மோட்டார் ஒரு தடவை துள்ளும். தோப்பு எங்க இருக்குன்னு என்னைக் கேளுங்க, சொல்றேன். மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போனா நல்லது, அப்பதான் உப்பு அதிகமா இருக்கும்.